கூத்து வாத்தியாரின் தகரப் பெட்டியும் ஓடாத வீடியோக்களும்

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையை ஒட்டி ஒரு கிராமம். அங்கே இருக்கும் கூத்து வாத்தியாரிடம் ஒரு தகரப் பெட்டி நிறையப் பதிவுகள் உண்டு. பழைய வட ஆற்காட்டுப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களின் பாரதத் திருவிழாக்களில் அவருடைய குழு ஆடிய கூத்துகள் அவை. அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், விடிந்தபின் நடக்கும் துரியோதனன் படுகளம் என்று ஒவ்வோர் ஊரிலும் யாரோ ஒருவர் பணம் போட்டு எடுக்கவைத்தவை. காலத்துக்கு ஏற்ப வடிவம் மாறியிருக்கிறது. முதலில் வீடியோ கேசட், அப்புறம் விசிடி, டிவிடி, ஸ்டுடியோக்காரர் கொடுத்த ஹார்ட் டிஸ்க், கேமராவின் மெமரி கார்டு, கடைசியாகப் பேரனின் போன்.

பேத்தியின் படிப்புக்காக விண்டோஸ் 11 மடிக்கணினி வாங்கியதும் எல்லாவற்றையும் அதில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவை ஓடவில்லை. வேலூரில் ஒரு கடையில் காட்டியதற்கு, ஃபைல் எல்லாம் கரப்ட் ஆகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பெட்டி காட்பாடியில் என் வீட்டுக்கு வந்தது. வாத்தியார் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "இன்னா தம்பி, சத்தம் வருது, ஆள் வரலை. ஆள் வராம எப்படி நாடகம் பார்க்கிறது? அடவு பார்க்கத்தானே பசங்க கேட்கிறானுங்க."

சத்தம் வருகிறது, ஆள் வரவில்லை என்ற அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஃபைல் உண்மையிலேயே கெட்டிருந்தால் சத்தம் மட்டும் ஒழுங்காக வராது. ஒலியைப் பிரிக்கத் தெரிந்த மென்பொருளுக்குப் படத்தைப் பிரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணமும் இதுதான். நம் பக்கத்தில் எத்தனையோ கல்யாண வீடியோக்களும் திருவிழாப் பதிவுகளும் கெட்டுவிட்டதாக நினைத்துத் தூக்கிப் போடப்படுகின்றன. அவற்றில் பல கெடவே இல்லை. என்ன வகை ஃபைல் என்று பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

எதையும் தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்தேன். மெமரி கார்டின் எழுதும் பூட்டைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் ரீடரில் போட்டேன். மூலத்தின் மேல் எந்த வேலையும் செய்யக் கூடாது. சரிசெய்யும் மென்பொருள் எதுவானாலும் நகலின் மேல்தான் ஓட வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது.

அடுத்தது மீடியாஇன்ஃபோ. இலவசம், சிறியது, வீடியோவை ஓட்டாது. ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஏவிஐ, எம்பி4, எம்கேவி, எம்ஓவி என்று பெயருக்குப் பின்னால் வருகிற வால் வெறும் பெட்டியின் பெயர். வேஷப் பெட்டியைத் திறக்காமல் உள்ளே இருப்பது கர்ணன் கிரீடமா, திரௌபதி புடவையா என்று சொல்ல முடியாதது போலத்தான் இதுவும். உள்ளே படத்தைச் சுருக்கிய முறை ஒன்று, ஒலியைச் சுருக்கிய முறை ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். சுருக்கவும் விரிக்கவும் தெரிந்த நிரல்தான் கோடெக். ஒரே ஏவிஐ வாலுக்குள் டிவ்எக்ஸ் இருக்கலாம், எக்ஸ்விட் இருக்கலாம், எம்ஜேபெக் இருக்கலாம், கேமராவிலிருந்து அப்படியே இறக்கிய டிஜிட்டல் வீடியோ (DV) வடிவமும் இருக்கலாம். எனவே 'ஏவிஐ ஓடவில்லை' என்று தேடினால் விடை கிடைக்காது. மீடியாஇன்ஃபோ காட்டுகிற கோடெக் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்கும்.

விண்டோஸ் காட்டும் பிழை எண்ணையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நீளமான எண்ணாக இருக்கும். கடைசி நான்கு இடங்கள் போதும். 5212 என்று முடிந்தால் கோடெக் கிடைக்கவில்லை என்று பொருள். 36சி4 என்று முடிந்தால் பெட்டியையே அதற்கு அடையாளம் தெரியவில்லை: ஒன்று அந்த வடிவமே அதற்குத் தெரியாது, அல்லது ஃபைலின் தலைப்பகுதியோ அட்டவணையோ சிதைந்திருக்கிறது. முதல் வகைக்கு மென்பொருள் மாற்றினால் போதும். இரண்டாம் வகைதான் சில சமயம் உண்மையான பழுது. வாத்தியார் பெட்டியில் இரண்டும் இருந்தன.

விசிடியிலிருந்து தொடங்கினேன். கேசட்டுகளை விட்டால் பழையவை அவைதான், சீக்கிரம் அழிந்துபோகக் கூடியவையும் அவைதான். வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில், சிமென்ட் ஷீட் கூரைக்கு அடியில், தகரப் பெட்டிக்குள் இத்தனை வருஷம் இருந்திருக்கின்றன. வீட்டுக் கணினியில் எழுதிய சிடியில் தகவல் இருப்பது ஒரு சாய அடுக்கில். அதற்கு வெப்பமும் வெளிச்சமும் ஆகாது. ஒரு டிஸ்கில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு ஆறேழு டிஸ்க். அதில் நடுவில் ஒன்று போனாலும் ஒரு கட்டமே போய்விடும்.

விசிடியைக் கணினியில் போட்டால் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரும், உள்ளே டேட் என்ற வாலோடு ஒரு பெரிய ஃபைலும் தெரியும். எதில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கும். உள்ளே இருப்பது எம்பெக்-1, 1993இல் வந்த தரம். நம் நாட்டு டிவி ஒளிபரப்பு முறையான பால் (PAL) கணக்கில் 352க்கு 288 புள்ளிகள், வினாடிக்கு 25 படம், ஒலி எம்பி2. விஎல்சி என்ற இலவச பிளேயர் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஓட்டிவிட்டது. ஆகவே கோடெக் இங்கே பிரச்சினையே இல்லை. டிஸ்கிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு நகல் எடுப்பதுதான் பிரச்சினை. நகல் பாதி போனதும் சைக்ளிக் ரிடண்டன்சி பிழை என்று நின்றுவிடும். அதே டிஸ்க் பழைய விசிடி பிளேயரில் ஒரு நொடி கட்டம் கட்டமாகச் சிதறிவிட்டு மேலே ஓடிக்கொண்டேயிருக்கும்.

அதற்குக் காரணம் விசிடியின் அமைப்பிலேயே இருக்கிறது. சிடியில் தகவல் செக்டர் என்ற சிறு துண்டுகளாக இருக்கும். சாதாரண டேட்டா சிடியில் ஒவ்வொரு செக்டரிலும் 2048 பைட் தகவல், மீதி இடத்தில் பிழை திருத்தக் குறிப்புகள். விசிடியின் படப் பகுதியில் அதே செக்டரில் 2324 பைட் படம். கூடுதல் இடம் பிழை திருத்தத்தை எடுத்துவிட்டதால் கிடைத்தது. படத்தில் ஒரு புள்ளி தவறினால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது என்ற கணக்கில் அப்படி வடிவமைத்தார்கள். அதனால் ஆழமான கீறல் பட்டால் அந்த இடத்தைக் கணினியால் மீட்டெடுக்க முடியாது. விண்டோஸோ ஒரு செக்டர் வரவில்லை என்றால் முழு ஃபைலையும் கைவிட்டுவிடும். நமக்குத் தேவை, படிக்க முடியாத செக்டரை விட்டுவிட்டு மேலே போகும் மென்பொருள். ஐசோபஸ்டரை வைத்து எடுத்தேன். படிக்க முடியாத இடத்தில் என்ன செய்வது என்று அது கேட்கும்; வெற்றுத் தகவலால் நிரப்பிவிட்டு மேலே போகச் சொல்லலாம். அங்கே மட்டும் படம் அரை நொடி உடையும், மீதி முழுக்க வந்துவிடும்.

மூன்று விஷயங்கள் உதவின. டிஸ்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் புதிய கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும், அது இன்னும் மோசம். டிரைவின் வேகத்தைக் குறைத்துப் படித்தால் அதிகம் கிடைக்கிறது. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். மடிக்கணினியில் செருகும் யுஎஸ்பி டிரைவ் கைவிட்ட ஒரு டிஸ்கைப் பழைய டெஸ்க்டாப்பில் இருந்த டிரைவ் அமைதியாகப் படித்து முடித்தது. பழைய கணினியை எடைக்குப் போடுவதற்கு முன் அதன் டிவிடி டிரைவைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

டிவிடிகளில் அதிகம் போராட்டம் இல்லை. உள்ளே எம்பெக்-2. விண்டோஸ் 8இலிருந்து டிவிடி பார்க்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டதால்தான் புதிய கணினியில் ஓடவில்லை. ஸ்டோரில் எம்பெக்-2 நீட்சி இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் விஎல்சி இருந்தால் அதுவும் தேவையில்லை. டிவிடியில் படம் ஒரு ஜிபி அளவில் துண்டு துண்டாக இருக்கும். அதைத் துண்டாகவே நகலெடுத்து ஓட்டினால் நேரக் கணக்கு தப்பும், இழுத்துப் பார்த்தால் எங்கோ போய் நிற்கும். மேக்எம்கேவி என்ற மென்பொருள் தரம் குறையாமல் ஒரே எம்கேவி ஃபைலாகச் சேர்த்துத் தருகிறது. ஒரு டிஸ்க் மட்டும் காலி என்று காட்டியது. அடிப்பக்கம் எழுதிய வட்டம் கண்ணுக்குத் தெரிகிறது, கணினிக்குத் தெரியவில்லை. ரெக்கார்டரில் எடுத்துவிட்டு ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்றக் கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து மூடாமல், விட்ட டிஸ்க். ஐசோபஸ்டரில் அதன் உள்ளே இருப்பது தெரிந்தது, எடுத்துவிட்டேன்.

இனி அந்த ஹார்ட் டிஸ்க். வாத்தியார் 'ஆள் வரலை' என்று சொன்னது இதைத்தான். ஒரு கல்யாண ஸ்டுடியோக்காரர் படுகளத்தை முழுசாக எடுத்து, எடிட் செய்த ஏவிஐ ஃபைலையே கொடுத்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குப் பல ஜிபி. முகவீணையும் மிருதங்கமும் தெளிவாகக் கேட்கின்றன, திரை மட்டும் கறுப்பு. அந்தப் படுகளத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர் இப்போது உயிரோடு இல்லை. புஜக்கட்டை கட்டி ஆடும் கட்டை வேஷத்தில் அவர் போடும் அடவு யாருக்கும் வராது என்று வாத்தியார் சொல்கிறார். குழுவில் இப்போது கற்றுக்கொள்ளும் இளைஞர்களுக்கு அதைப் பார்க்க வேறு வழியில்லை. ஆகவே பெட்டியில் இருந்தவற்றிலேயே இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுத்தேன்.

ஏவிஐ ஃபைலின் தலைப்பகுதியில் கோடெக்கைச் சொல்லும் நான்கெழுத்துக் குறி ஒன்று இருக்கும். எக்ஸ்விட் என்றால் அந்தப் பெயரே இருக்கும். இதில் மீடியாஇன்ஃபோ காட்டியது சி, யூ, வி, சி. இது கனோபஸ் ஹெச்க்யூ. தெரிந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் எடிட்டிங்குக்கு எடியஸ் மென்பொருளைப் பரவலாக வைத்திருந்தார்கள். அதை உருவாக்கிய ஜப்பானிய நிறுவனம் கனோபஸ். பிறகு அது கிராஸ் வேலி கைக்குப் போனது. எடிட் செய்யும்போது தரம் குறையாமல் இருக்க அவர்கள் தங்களுக்கென்றே ஒரு கோடெக் வைத்திருந்தார்கள். எடியஸ் இருக்கும் கணினியில் அந்தக் கோடெக்கும் கூடவே பதிந்துவிடும். ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்தபோது நன்றாக ஓடியிருக்கும், அப்படியே கொடுத்துவிட்டார். ஒலி மட்டும் எந்தச் சுருக்கமும் இல்லாத பிசிஎம், அதை எந்தப் பிளேயரும் வாசித்துவிடும். சத்தம் வந்து ஆள் வராத மர்மம் இவ்வளவுதான்.

இதற்கு எடியஸ் வாங்கத் தேவையில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த மூல மென்பொருளுக்கு இந்தக் கோடெக்கை விரிக்கத் தெரியும். 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய திட்டம் அது. இன்று வீடியோ சம்பந்தப்பட்ட எத்தனையோ மென்பொருள்களுக்கு உள்ளே இருந்து வேலை செய்வது அதுதான். அதைக் கட்டளை வரியில் இயக்கக் கூச்சமாக இருந்தால் அதன் மேல் கட்டப்பட்ட எம்பிவி பிளேயரைப் பயன்படுத்தலாம். ஃபைலை இழுத்து எம்பிவியில் போட்டேன். பட்டப்பகல் வெளிச்சத்தில் களிமண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் படுத்திருக்கிறது, அதன் மேல் வேஷக்காரர் ஏறி நிற்கிறார், சுற்றிலும் ஊர் ஜனம். உடனே வாத்தியாருக்குப் போன் போட்டேன். "ஆள் வந்துட்டாரு ஐயா" என்றேன். அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிட்டார்.

மெமரி கார்டில் இருந்தவை எம்டிஎஸ் ஃபைல்கள். சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏவிசிஹெச்டி வடிவம், படம் ஹெச்.264, ஒலி பெரும்பாலும் டால்பியின் ஏசி3. பேரன் இதைப் போனில் போட்டுப் பார்த்தபோது படம் வந்தது, சத்தம் வரவில்லை. ஹார்ட் டிஸ்கில் நடந்ததற்கு நேர் தலைகீழ். ஏசி3 விரிப்பான் எல்லாப் போன்களிலும் இருக்காது. எம்எக்ஸ் பிளேயரில் 'இந்த ஒலி வடிவத்துக்கு ஆதரவு இல்லை' என்று ஈஏசி3 பெயரைக் காட்டி நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே குடும்பத்துச் சங்கதி, உரிமக் கட்டணம் சம்பந்தப்பட்டது. போனில் விஎல்சி போட்டதும் சத்தம் வந்துவிட்டது.

இந்த வகைக் கார்டில் எம்டிஎஸ் ஃபைலை மட்டும் உருவி எடுக்காமல் ஏவிசிஹெச்டி ஃபோல்டரை முழுசாக நகல் எடுங்கள். நீண்ட பதிவு என்றால் கேமரா அதைப் பல ஃபைலாக வெட்டி வைத்திருக்கும். எது எதற்கு அடுத்தது என்ற குறிப்பு அந்த ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது. எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் முதல் துண்டைச் சேர்த்து, மற்றவற்றை அதற்குப் பின்னால் ஒட்டச் சொன்னால் மறுபடி சுருக்காமலே ஒன்றாகிவிடும். சில நிமிடத்தில் முடிகிற வேலை.

பேரன் போனில் எடுத்தவை ஹெச்.265, அதாவது ஹெச்இவிசி. 2013இல் வந்த தரம். ஐபோன் 2017லிருந்து இதில்தான் சேமிக்கிறது; ஆண்ட்ராய்டு போன்களிலும் கேமரா அமைப்பில் இந்த வசதி உண்டு. பாதி இடத்தில் கிட்டத்தட்ட அதே தரம் கிடைக்கிறது, சரி. ஆனால் 5212 என்று முடியும் பிழையை அதிகம் காட்டுவதும் இதுதான். விண்டோஸ் ஸ்டோரில் இதற்கான நீட்சிக்குச் சிறு கட்டணம் கேட்பார்கள். விஎல்சியிலோ எம்பிவியிலோ கட்டணம் இல்லாமல் ஓடும்.

ஓடும் என்றாலும் வீட்டில் இருக்கும் பழைய மடிக்கணினியில் திக்கித் திக்கித்தான் ஓடியது. அது கோடெக் இல்லாததால் அல்ல. ஹெச்.265ஐ விரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் பகுதியே செய்யும் வசதி இன்டெல்லில் ஆறாம் தலைமுறையிலிருந்துதான் முழுதாக வந்தது. அதற்கு முந்தையதில் எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். 4கே படமென்றால் தாங்காது. இன்னொரு கணினியில் நேர்மாறான தொல்லை: படம் பச்சையாகவும் பட்டை பட்டையாகவும் வந்தது. அங்கே விஎல்சியின் அமைப்புகளில் உள்ளீடும் கோடெக்கும் பகுதிக்குப் போய், வன்பொருள் முடுக்கத்தை அணைத்ததும் சரியாகிவிட்டது. கிராபிக்ஸ் டிரைவர் பழையதாக இருந்தால் இப்படி வரும். பச்சைத் திரை வந்தால் ஃபைலைச் சந்தேகிப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

பெட்டியில் உண்மையிலேயே பழுதானது ஒன்றே ஒன்றுதான். கர்ண மோட்சத்தைப் பேரன் போனில் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தபோது பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டது. ஃபைல் பல ஜிபி இருக்கிறது, விஎல்சியிலும் ஓடவில்லை. எஃப்எஃப்எம்பெக் தெளிவாகச் சொன்னது: மூவ் பகுதியைக் காணவில்லை. எம்பி4 ஃபைலில் படமும் ஒலியும் ஒரு பெரிய பகுதியாக வரிசையாக எழுதப்பட்டுக்கொண்டே போகும். எந்தப் படம் எந்த இடத்தில் தொடங்குகிறது, அதை எப்படி விரிப்பது என்கிற அட்டவணைதான் மூவ். பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகுதான் போன் அதை எழுதும். பேட்டரி தீர்ந்தால் எழுத நேரமில்லை. கூத்து முழுக்க உள்ளே இருக்கிறது, வழிகாட்டிதான் இல்லை.

இதற்கு எந்தக் கோடெக்கும் உதவாது. அன்ட்ரங்க் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதே போனில், அதே தெளிவு, அதே வேகம், அதே கோடெக் அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை அதற்கு மாதிரியாகக் கொடுக்க வேண்டும். அந்த மாதிரியின் அட்டவணையைப் பார்த்து, உடைந்த ஃபைலுக்குள் எது படம், எது ஒலி என்று கண்டுபிடித்துப் புது அட்டவணை எழுதும். நல்ல வேளையாகப் பேரன் இன்னும் அதே போனைத்தான் வைத்திருந்தான். அன்றிரவு எடுத்த சின்னத் துண்டு ஒன்றும் இருந்தது, அமைப்பு மாறவில்லை. அதை மாதிரியாகக் கொடுத்ததும் பெரும்பகுதி மீண்டது. பின்பாதியில் ஒலி கொஞ்சம் முந்திக்கொண்டு போனது. அதை ஏவிடெமக்ஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒலித் தாமத அளவை மாற்றி, துண்டு துண்டாகச் சரிசெய்தேன். முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன், ஆனால் கட்டியங்காரன் பேசுவதும் உதட்டசைவும் ஒத்துப்போகின்றன. பணம் கட்டினால் மீட்டுத் தருகிறோம் என்று இணையத்தில் பல மென்பொருள்கள் வரும். முதலில் இலவசமானதை நகலின் மேல் ஓட்டிப் பாருங்கள்.

பல கோடெக்குகளை ஒன்றாகக் கட்டித் தரும் கோடெக் பேக் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வீடியோ ஓடவில்லை என்றதும் 'கோடெக் டவுன்லோட்' என்று தேடி, முதலில் வருகிற பக்கத்தில் இருப்பதைப் பதிந்துகொள்வது நம்மிடையே பெரிய பழக்கம். வீடியோ பார்க்கக் கோடெக் வேண்டும் என்று சொல்லித் தீநிரல் ஏற்றுவது பழைய தந்திரம். 2005, 2006 வாக்கில் பரவிய ஸ்லோப் என்ற ட்ரோஜன் முழுக்க இந்த வேஷத்தில்தான் வந்தது. கே-லைட் போல நெடுங்காலமாக இருக்கும் நல்ல தொகுப்புகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தானே எல்லாம் வைத்திருக்கும் பிளேயர் கையில் இருக்கும்போது விண்டோஸுக்குள் புதிதாக எதையும் கலக்க வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. இரண்டு மூன்று தொகுப்பைப் பதிந்துகொண்டு, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்ததும் ஓடாமல் போன கணினிகளைப் பார்த்திருக்கிறேன்.

விஎல்சியையும் அதன் சொந்தத் தளமான வீடியோலான்.ஆர்க்கிலிருந்துதான் இறக்க வேண்டும். 2022இல் பல மாதங்கள் அந்தத் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில்தான் தடை நீங்கியது. அதனால் வேறு எங்கிருந்தோ எடுத்துப் பதிந்துகொள்ளும் பழக்கம் சிலருக்கு இன்னும் இருக்கிறது. இப்போது தடையில்லை, நேராகவே போகலாம்.

எல்லாம் கணினியில் ஓட ஆரம்பித்ததும் வாத்தியார் கேட்டது நியாயமான கேள்வி: "இத கோயில்ல டிவியில போட முடியுமா?" டிவிக்காரர்கள் பென் டிரைவில் எதை ஏற்பார்கள் என்பது ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மாதிரி. எம்பி4 பெட்டி, ஹெச்.264 படம், ஏஏசி ஒலி என்ற சேர்க்கைதான் ஏறக்குறைய எங்கும் ஓடும். பார்ப்பதற்கான நகலை ஹேண்ட்பிரேக் என்ற வடிவம் மாற்றும் மென்பொருளில் இப்படி எடுத்தேன். தர அளவை 20க்கு அருகில் வைத்தேன். அந்த எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். ஒலியை 192 கிலோபிட்டுக்குக் கீழே விடவில்லை. முகவீணையின் கீச்சுக் குரலும் தாளச் சத்தமும் சேரும் இடத்தில் ஒலியை நெருக்கிச் சுருக்கினால் முதலில் நொறுங்குவது அதுதான்.

கூத்தைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. டிவிடி, DV வடிவம், அந்தக் காலத்து ஏவிசிஹெச்டி எல்லாம் பெரும்பாலும் இன்டர்லேஸ் முறையில் எடுத்தவை. ஒரு படத்தில் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தையும் காட்டும். வேஷக்காரர் சுழன்று ஆடும்போது படத்தை நிறுத்தினால் கை, கால், புஜக்கட்டை ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும். கடைகளில் மாற்றிக் கொடுக்கும்போது பாதி வரிகளைத் தூக்கிப்போட்டு வினாடிக்கு 25 படமாக்கிவிடுகிறார்கள். சீப்புப் பல் போய்விடும், கூடவே பாதி அசைவும் போய்விடும். ஹேண்ட்பிரேக்கில் இந்தச் சீப்புப் பல்லை நீக்கும் டீஇன்டர்லேஸ் பகுதியில் பாப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வினாடிக்கு 50 படமாக வரும். காலடி ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். அடவு கற்றுக்கொள்பவனுக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. குழுவின் இளைஞன் ஒருவன் இரண்டையும் பார்த்துவிட்டு, 25 படம் உள்ளதில் கால் மாறும் இடமே தெரியவில்லை என்றான். அசைவு முன்னும் பின்னும் துடித்தால் வரிகளின் வரிசை தலைகீழாக எடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். DV வடிவத்தில் கீழ்வரி முதலில் வரும், ஹெச்டி கேமராவில் மேல்வரி முதலில். விசிடியில் இந்தத் தொல்லையே கிடையாது, எனவே அதில் டீஇன்டர்லேஸை அணைத்து வையுங்கள்.

பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை ஏற்காது. விடிய விடிய நடந்த கூத்தை ஒரே ஃபைலாக வைக்காமல் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்தேன். ஆட்களுக்கும் அதுதான் வசதி, வேண்டிய கட்டத்தை உடனே எடுக்கலாம்.

இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்குகள் இருக்கின்றன. ஒன்றில் மூலங்கள், எதையும் மாற்றாமல், விசிடியின் டேட்டும் கனோபஸ் ஏவிஐயும் உட்பட. இன்னொன்றில் பார்ப்பதற்கான நகல்கள். மூலத்தை வைத்திருப்பதில் வாத்தியாரின் மகனுக்கு முதலில் சம்மதமில்லை, இடத்தை அடைக்கிறதே என்றார். இன்றைக்கு ஹெச்.264ஆக மாற்றியதில் நாம் இழந்தது என்ன என்று பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும், அப்போது மறுபடி எடுக்க மூலம் வேண்டும் என்றேன், ஒத்துக்கொண்டார். மாற்றிக் கொடுத்தவர் மூலத்தைத் திருப்பித் தராமல் அழித்துவிட்டால் அந்தப் படம் அந்தத் தரத்திலேயே நின்றுவிடும். எந்தக் கடையில் கொடுத்தாலும் இதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

ஃபைல்களுக்குப் பெயர் வைக்கும் வேலையை வாத்தியாரும் நானும் சேர்ந்து செய்தோம். ஆண்டு, ஊர், கூத்து, கட்டம் என்ற வரிசையில். யார் என்ன வேஷம் என்பதை அவர் சொல்லச் சொல்லத் தனித் தாளில் எழுதி, அதையும் அதே ஃபோல்டரில் போட்டிருக்கிறோம். சில டிஸ்குகளின் மேல் எழுத்து அழிந்துபோயிருந்தது. பின்னால் தெரியும் கோபுரத்தையும் பந்தலையும் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிட்டார்.

பெட்டியில் இன்னும் மீதி இருப்பவை விஹெச்எஸ் கேசட்டுகள். அவற்றுக்கு ஓடும் நிலையில் ஒரு விசிஆர் வேண்டும், ஹெட் தேயாமல் இருக்க வேண்டும். கேசட்டின் உள்ளே சில இடத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிகிறது. அப்படியே ஓட்டினால் டேப்பும் போகும், ஹெட்டும் போகும். பூஞ்சை பிடித்ததைத் தனியாகக் கட்டி வைத்துவிட்டு, நல்ல நிலையில் இருக்கும் கேசட்டுகளை முதலில் எடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். ராணிப்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டுப் பரணில் விசிஆர் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போய் பெல்ட் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.